வெறுங்கிண்ணம் திருப்பித் தராதவன்

எமில் சாபோலைத் திருடன் என்று சொன்ன வாய் எதுவானாலும் சரி, என் முன்னால் வந்து ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் இரும்புக் கரண்டி பிடித்த கை இது. வயது எழுபத்திரண்டு ஆனாலும் ஓங்கினால் இன்னும் ஓங்கும்.

நான் ரோசலி பெட்ரெல்லா. ஓஹாயோவில் ஸ்ட்ரதர்ஸ் எங்கள் ஊர். எமில் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு கார் நிற்கிற இடம்தான். அவன் அங்கே தும்மினால் நான் இங்கே அடுப்படியிலிருந்து ஆசீர்வாதம் சொல்வேன். நாற்பது வருஷமாக அப்படித்தான். உருக்காலை இருந்தவரை அவன் உலைக்கு முன்னால் நின்றான். ஆலையை மூடின பிறகு கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்தான், அப்புறம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினான். பிள்ளை குட்டி கிடையாது. அவனும் வெர்னாவும்தான்.

வெர்னா தபாலாபீஸ் ஜன்னலில் உட்கார்ந்தவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். தபால்தலை வாங்கப் போனவன் குடும்பக் கதை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவான். எமில் பேசவே மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். "எமில், காலைத் துடைச்சிட்டு வா! எமில், அந்தக் கதவுக்கு ஆணியடிக்கச் சொல்லி எத்தனை நாளாச்சு! எமில், ரோசலிக்கு ஒரு துண்டு கேக் வெட்டிக் குடு!" நாள் முழுக்க அந்தப் பேர் எங்கள் இரண்டு வீட்டிலும் கேட்டுக்கொண்டே இருக்கும். சில நாள் நானே எரிச்சலில் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டாயிரத்து இரண்டில், ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது. உயிர் பிழைத்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, 'நாளைக்கு'. ஏன் அந்த வார்த்தை என்று டாக்டருக்கும் தெரியவில்லை. காபி வேண்டுமா என்றால் "நாளைக்கு." தலையணை சரியாக இருக்கிறதா என்றால் "நாளைக்கு." கோபம் வந்தால் கட்டில் கம்பியில் இடது கையால் அடித்துக்கொண்டு "நாளைக்கு! நாளைக்கு!" என்று கத்துவாள், கண்ணில் தண்ணீர் கொட்டும். என்ன சொல்ல நினைக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். வாய்தான் கேட்கவில்லை.

எமில் காலையிலும் பிற்பகலிலும் பேருந்து ஓட்டப் போகும்போது நான்தான் அவளோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் திரும்பி வந்தவன் தொப்பியைக் கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தான்.

"முப்பத்தொம்பது வருஷம், ரோசலி. ஒரு நாளைக்கு அம்பது தடவை என் பேரைச் சொல்லித் திட்டினவ. இனிமே ஒரே ஒரு தடவை சொல்லிட்டா போதும். வேற எதுவும் வேணாம் எனக்கு."

நாற்பது வருஷத்தில் அவன் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான்.

பேச்சுப் பயிற்சிக்கு டார்லீன் என்று ஒரு பெண் வருவாள். காப்பீட்டுக்காரன் பன்னிரண்டு தடவைக்கு மேல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். பன்னிரண்டாவது நாள், போகிற நேரத்தில், அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, பிறந்தநாள் பாட்டை முணுமுணுத்தாள். வெர்னா கூடவே பாடினாள்! வார்த்தை வார்த்தையாக, முதலிலிருந்து கடைசிவரை. எமில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஓவென்று அழுதேன்.

டார்லீன் சொன்னாள், "பேச்சு வர்ற வழி வேற, பாட்டு வர்ற வழி வேற சார். அந்த வழி இன்னும் அடைபடல. சின்ன வயசுல இவங்க ஆடின பாட்டு இருக்கும்ல? அதே பழைய பதிவா தேடிப் போடுங்க. பாட்டோட வார்த்தை வரும். வந்து பழகிடுச்சின்னா ஒரு நாள் பாட்டு இல்லாமலும் வரும். தினமும் போடணும். விட்டா போயிடும்."

வெர்னா ஆடின பாட்டு எதுவென்று எங்களுக்குத் தெரியாதா? ஸ்லோவாக் சங்கக் கூடத்தில் சனிக்கிழமை தவறாமல் ஆடிய போல்கா. பாதி ஸ்லோவாக்கும் பாதி இங்கிலீஷுமாகப் பாடிய உள்ளூர் அக்கார்டியன் குழுக்கள், அறுபதுகளுக்கு முன்னால் சின்ன இசைத்தட்டாகப் போட்டவை. வெர்னாவிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. ஒரு குளிர்காலத்தில் நிலவறையில் குழாய் வெடித்து, மூன்று நாள் தண்ணீரில் ஊறி, அத்தனையும் குப்பைக்குப் போனது.

எமில் கடைகடையாக ஏறி இறங்கினான். மாலில் இருக்கும் பெரிய கடையில் தலை நரைத்தவர்களுக்கென்று ஓர் அடுக்கு. ஒரு சிடி பதினெட்டு டாலர். பதினேழு பாட்டு இருக்கும், நமக்கு வேண்டியது ஒன்று இருக்கும். அந்த ஒன்றையாவது ஒழுங்காகத் தந்தானா படுபாவி? அதே பாடகரைக் கிழவனான பிறகு திரும்பப் பாட வைத்து, பின்னால் இருபது வயலினை இழையவிட்டிருக்கிறான். வெர்னா கேட்டுவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கப் போனால், பிரித்த சிடியை வாங்க மாட்டோம் என்றார்கள். பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும்? இப்படி மூன்று வாங்கி மூன்றும் வீண். பழைய சாமான் சந்தையில் ஒரே ஒரு இசைத்தட்டு கிடைத்தது. வெயிலில் நெளிந்து, ஊசி வைத்தால் குதித்தது.

அப்புறம்தான் நூலகத்தில் முதியவர்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் வகுப்பு என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு எமில் போய்ச் சேர்ந்தான். பள்ளிக்கூடம் ஏலம் விட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினான். ஆளுக்கு ஆள் பாட்டைப் பரிமாறிக்கொள்கிற வலை ஒன்று இருக்கிறதென்று அங்கே யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். அவரவர் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் இருக்கும் பாட்டை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நெப்ராஸ்காவில் ஒரு பண்ணைக்காரரிடம் எங்கள் ஊர் போல்கா நானூறு இருந்தது! எங்கள் ஊரிலேயே இல்லாதது அங்கே மாட்டுக்கொட்டகையில் இருந்திருக்கிறது பாருங்கள்.

எமில் ஒவ்வொன்றாக இறக்கினான். ஒவ்வொன்றுக்கும் அந்த ஆளுக்கு நன்றி எழுதினான். 'ஐயா, பாட்டு வந்து சேர்ந்தது. என் மனைவி பாடினாள். மிக்க நன்றி. எமில் சாபோல், ஸ்ட்ரதர்ஸ், ஓஹாயோ.' மற்றவர்களெல்லாம் அந்த வலையில் புலி, பூனை, இருட்டு ராஜா என்று என்னென்னவோ பேர் வைத்துக்கொண்டு திரிய, இவன் மட்டும் தன் சொந்தப் பேரையும் ஊரையும் போட்டு உட்கார்ந்திருந்தான்.

வெர்னா பாடினாள். முதலில் ஒரு பாட்டு, பிறகு நாலு, கோடை வந்தபோது முப்பதுக்கு மேல். பால் வாங்கப் போன பெண் மாவு மில்லுக்காரன் வீட்டில் ஆடிவிட்டு வருகிற பாட்டு ஒன்று உண்டு. அதில் இடது காலால் தரையில் தாளம் போடுவாள். பிறகு பாட்டுக்கு வெளியேயும் வார்த்தை வர ஆரம்பித்தது. ஒரு நாள் என்னைப் பார்த்து "பால்" என்றாள். இன்னொரு நாள் "ஆடு" என்றாள். என் முழங்காலுக்கு ஆட்டமா? இருந்தாலும் ஆடினேன். அவள் சிரித்தாள். எமில் பன்னிரண்டு பாட்டை ஒரு சிடியில் போட்டு, 'காரில் கேள்' என்று எனக்கும் ஒன்று தந்தான்.

என் அக்காள் மகன் ஜீனோவுக்கு இந்தக் கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் அத்துப்படி. பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "சித்தி, இவரு எல்லாத்தையும் திறந்து போட்டு வச்சிருக்காரு. பாட்டுக் கம்பெனிக்காரனுங்க எடுக்கிறவன விட்டுடுவானுங்க, குடுக்கிறவனத்தான் பிடிப்பானுங்க. மத்தவங்க எடுக்கிற வசதிய நிறுத்துறதுக்கு ஒரு பொத்தான் இருக்கு. எல்லாரும் அதைத்தான் அமுக்கி வச்சிருக்காங்க."

நான் போய் எமிலிடம் சொன்னேன். அவன் என்னை ஏதோ அசிங்கம் பேசினவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எடுக்க மட்டும் எடுத்துக்கிட்டுக் கதவைச் சாத்திக்கிறதா? நெப்ராஸ்காக்காரர் அப்படிச் சாத்தியிருந்தா வெர்னா பாடியிருப்பாளா? உன் வீட்டுக் கிண்ணத்தை என்னிக்காவது நான் வெறுமையா திருப்பித் தந்திருக்கேனா, ரோசலி?"

தந்ததில்லை. அதைப் பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்? எங்கள் தெருவில் யாருமே தந்ததில்லை. நான் இறைச்சி உருண்டை கொடுத்தனுப்பின கிண்ணத்தில் கொட்டை வைத்துச் சுருட்டின கொலாச்சி ரொட்டி வரும், ஒன்றும் இல்லாவிட்டால் தோட்டத்துத் தக்காளியாவது இரண்டு வரும். மாதாகோயில் கூடத்தில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் விருந்துக்குக் கையை வீசிக்கொண்டு வந்து தட்டை நிரப்புகிறவனை, அவன் செத்த பிறகும் ஊர் பேசும். எமில் பேருந்து ஓட்டப் போகும்போதுகூடக் கம்ப்யூட்டரை அணைக்க மாட்டான். யாராவது பாதிப் பாட்டு எடுத்துக்கொண்டிருந்தால் அறுந்துபோகுமே என்பான். தனக்குப் பிடிக்காத பாட்டுகளைக்கூட, பிறருக்கு ஆகுமே என்று தேடி இறக்கித் திறந்து வைத்தான். ஐந்நூறு அறுநூறு பாட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். இரண்டாயிரத்து மூன்று செப்டம்பரில் கடிதம் வந்தது. இசைக் கம்பெனிகள் சேர்ந்து அவன்மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். அவன் திறந்து வைத்திருந்த பாட்டுகளின் பட்டியலைப் பக்கம் பக்கமாக அச்சடித்துப் பின்னால் தைத்திருந்தார்கள். 'திருடி விநியோகித்தவர்' என்று போட்டிருந்தது. அதை வாசித்துவிட்டு எமில் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தான். ஒரு பாட்டுக்கு இத்தனை ஆயிரம் டாலர் என்று நீதிமன்றம் போட்டால் வீடு போய்விடும். சமாதானமாகப் போக விரும்பினால் இந்த எண்ணுக்குப் பேசவும் என்று கடைசியில் ஓர் எண்.

பேசினான். அடுப்படியில் இருந்த இன்னொரு ஃபோனில் நானும் காதை வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண். தேன் ஒழுகுகிற குரல்.

"சார், நீங்க மூவாயிரத்து ஐந்நூறு டாலர் கட்டிட்டு, இருக்கிற எல்லாப் பிரதியையும் அழிச்சிடுறேன்னு கையெழுத்துப் போட்டா வழக்கு முடிஞ்சிடும். நீங்க மத்தவங்களுக்குக் குடுத்ததும் இதுல அடங்கும்."

எமில் கேட்டான், "கட்டிடுறேம்மா. ஒரே ஒரு கேள்வி. இந்தப் போல்கா பாட்டெல்லாம் நீங்க எங்க விக்கிறீங்க? சொன்னா நான் வாங்கிக்கிறேன். பதினெட்டு டாலர் ஆனாலும் சரி."

"அந்த விவரம் எனக்குத் தெரியாது சார். நான் சமாதானப் பிரிவு மட்டும்தான்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, கடையில வைக்காத சாமானை ஒருத்தன் எப்படிம்மா திருடுவான்?" என்று கத்திவிட்டேன்.

"லைன்ல வேற யாராவது இருக்கீங்களா?" என்றாள் அவள்.

எமில் விடவில்லை. நியூயார்க்கில் இருக்கும் இசைக் கம்பெனிக்கே கடிதம் எழுதினான். அந்தப் போல்கா இசைத்தட்டுகளைப் போட்ட எங்கள் ஊர்ச் சின்னக் கம்பெனியை என்றைக்கோ அந்தப் பெரியவன் விழுங்கியிருந்தான். மூலப் பதிவெல்லாம் அவனுடைய கிடங்கில் தூங்குகின்றன. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'தாங்கள் கேட்ட தலைப்புகள் தற்போது விற்பனையில் இல்லை. எங்கள் பிற வெளியீடுகளின் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளோம்.' அந்தப் பளபளப்புத் தாளை நான் கிழித்து அடுப்பில் போட்டேன். தானும் தின்ன மாட்டான், தின்கிறவனையும் விட மாட்டான். வைக்கோல் போர் நாய்க்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

கூரை மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினான். தாளில் கையெழுத்துப் போட்டான். அன்று மாலையே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான்.

"உனக்குப் பைத்தியமா? யாரு வந்து உன் வீட்டுல எண்ணப்போறா? வெர்னா பாடுற முப்பதையாவது ஒரு சிடியில போட்டு மெத்தைக்கு அடியில வைய்யா!" என்றேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன், ரோசலி."

"போட்டா என்ன? ஊர்ல எவன் போட்டபடி நடக்கிறான்?"

அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது. "ஓய்வூதியம் தர்றோம்னு ஆலைக்காரன் கையெழுத்துப் போட்டுத்தானே குடுத்தான். போட்டுட்டு மாத்திப் பேசினான். அதுலதான் இந்த ஊரே அழிஞ்சது. என் அப்பன் அழுதுகிட்டே செத்தான். அந்த வேலையை நான் செய்ய மாட்டேன். என்னை விடு."

அழித்து முடித்துவிட்டு என் வாசலுக்கு வந்து நின்றான். எனக்குத் தந்த சிடியைக் கேட்டான். மாவு டின்னுக்குப் பின்னால் அது இருந்தது. "அது எப்பவோ கார்ல வெயில் பட்டு வளைஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். கன்னி மாதா என்னை மன்னிக்கட்டும். அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று போனான்.

மறுநாள் வெர்னா பாட்டு வரும் நேரத்துக்குக் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எமில் தன் குரலிலேயே பாடிப் பார்த்தான். ஐயோ, அவன் பாடினால் பால் திரிந்துபோகும். வெர்னா கையை ஆட்டி "நாளைக்கு" என்றாள். தொடக்கத்தை மட்டும் அவளே முணுமுணுப்பாள், அக்கார்டியன் வந்து தாங்காததால் பாதியில் நின்றுவிடும். ஒரு மாதத்தில் 'பால்' போயிற்று. 'ஆடு' போயிற்று. கட்டில் கம்பியில் அடிப்பது மறுபடி ஆரம்பித்தது. எமில் மெலிந்துகொண்டே போனான்.

நவம்பரில் ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. அவன் பிற்பகல் பேருந்துக்குப் போனதும், மாவு டின்னுக்குப் பின்னாலிருந்த சிடியையும் என் சின்னப் பாட்டுப் பெட்டியையும் கொண்டுபோய் வெர்னா பக்கத்தில் வைத்துப் போட்டேன். முதல் பாட்டுக்கு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் உதடு அசைந்தது. மூன்றாவதில் பாடினாள்! நான் அவள் தலையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நேரம் போனதே தெரியவில்லை. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தால் எமிலின் கார் வாசலில் நிற்கிறது. உள்ளே அவன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவள் குரல் அவனுக்குக் கேட்டிருக்கிறது. கார் ஜன்னலை இறுக்க ஏற்றிக்கொண்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டர் சத்தத்தில் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறான். நான் பாட்டை நிறுத்தி, பெட்டியைக் கோட்டுக்குள் மறைத்த பிறகு வந்தான்.

"எப்படி இருந்தா?"

"நல்லா இருந்தா."

அன்று முதல் தினமும் இதே கூத்துதான். மூன்றரைக்கு வருவான், நாலு வரை காரிலேயே உட்கார்ந்திருப்பான். வெளியே பனி கொட்டும். ஒரு நாள் என்னால் அடக்க முடியாமல், "நாளைக்கு நேரா உள்ள வாய்யா. உன் பொண்டாட்டி குரல்தானே, கேட்டா என்ன குறைஞ்சிடும்?" என்றேன்.

"கையெழுத்துப் போட்டவன் நான். நீ போடல" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நிறுத்திடாத" என்றான்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி. பால் வாங்கப் போன பெண்ணின் பாட்டு முடிந்தது. நான் பெட்டியை நிறுத்தினேன். வெர்னா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். வாசலில் நின்ற காரைப் பார்த்தாள். அதில் இருந்தவனைப் பார்த்தாள்.

"எமில்" என்றாள்.

தெளிவாக, பழையபடியே, பாட்டு எதுவும் இல்லாமல் சொன்னாள். "எமில்!" என்று இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டாள்.

செருப்புக்கூடப் போடாமல் பனியில் ஓடினேன். கார்க் கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்தேன். அவன் பதறி இறக்கினான். "அவளுக்கு என்ன ஆச்சு?"

"பேரைச் சொன்னாய்யா! உன் பேரைச் சொன்னா! ரெண்டு தடவை!"

அவன் ஓடின ஓட்டத்தில் படியில் விழுந்து முழங்கையில் அடி. எழுந்து போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். "வெர்னா, நான்தான். வந்துட்டேன். இன்னொரு தடவை சொல்லு. சொல்லும்மா." அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள். வாயைத் திறந்தாள். முகமெல்லாம் சுருங்க முயற்சி பண்ணினாள். "நாளைக்கு" என்றாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. நாள் முழுக்க அவள் பக்கத்திலேயே இருந்தான். 'சிடியைப் போடு' என்று அவன் வாய்விட்டுக் கேட்டதும் அன்றுதான். போட்டேன். அவள் கண் மூடிக் கேட்டாளே தவிரப் பாடவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை இரண்டாவது அடைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள்.

இப்போது எமில் பேருந்து ஓட்டுவதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என் அடுப்படியில் வந்து உட்காருகிறான். காபியைக் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, ஒவ்வொரு தடவையும் அதையேதான் கேட்கிறான்.

"எப்படிச் சொன்னா, ரோசலி? கோவமாவா?"

"இல்லய்யா. சாப்பாடு ஆறுதுன்னா கூப்பிடுவாளே, அப்படி."

"சொல்லிக் காட்டேன்."

நான் சொல்லிக் காட்டுகிறேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான். எவ்வளவு முயன்றாலும் அது என் குரலாகத்தான் வருகிறது.